உயிர் காக்கும் பாடம்

இலங்கையின் மிக நீளமான நதி எது என்று தரம் ஆறில் கற்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "மகாவலி கங்கை, நீளம் 335 கிலோ மீற்றர்" என்று உடனே விடை வரும். மிக உயரமான மலை பீதுருதாலகால, உயரம் 2,524 மீற்றர் என்பதும், மாகாணங்கள் 9, மாவட்டங்கள் 25 என்பதும் பிள்ளைக்கு மனப்பாடம். அதே பிள்ளையிடம், "எமது முற்றத்தில் பெய்யும் மழைநீர் எந்தப் பக்கமாக ஓடி எங்கே சேருகிறது? ஊரில் மேடான இடம் எது? வெள்ளம் வந்தால் எந்தப் பாதையால் போவாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மௌனமே பதிலாக இருக்கும்.

இது பிள்ளையின் குற்றமல்ல. அப்படியொரு கேள்வியை எவரும் அப்பிள்ளையிடம் கேட்டிருக்கமாட்டார்கள். வினாத்தாளில் அது வராது. ரியூசன் வகுப்புக் குறிப்பிலும் இராது. ஆனால் தான் நிற்கும் நிலத்தையும், தன்னைச் சூழ்ந்துள்ள நீரையும் காற்றையும் விளங்கிக்கொள்வதே புவியியல் என்ற பாடத்தின் முதல் நோக்கம். அந்த விளக்கம் இல்லாமல் நதிகளின் நீளத்தை மட்டும் கற்பது, சமையற் குறிப்பை மனனம் செய்துவிட்டு அடுப்படிப் பக்கமே போகாமல் இருப்பதற்கு ஒப்பானது. இப்பாடத்தை எவ்வாறு கற்பிக்கிறோம் என்பதைப் பரீட்சைப் புள்ளிகளோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது போதாது. சில வேளைகளில் அது உயிரோடு சம்பந்தப்பட்டதாகவும் ஆகிவிடுகிறது. அதற்கு எமது நாட்டிலும் வெளியிலும் சான்றுகள் உண்டு.

இரண்டு வாரங்களுக்கு முன் படித்தது

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, தாய்லாந்தின் புக்கெற் தீவிலுள்ள மைகாவோ கடற்கரையில் ரில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி தன் பெற்றோருடன் நடந்துகொண்டிருந்தாள். கடல் வழக்கம்போல் அலையடித்துத் திரும்பாமல், நுரைத்துப் பொங்கிக்கொண்டே கரையை நோக்கி ஏறுவதை அவள் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் அவளது புவியியல் ஆசிரியர் அன்ட்ரூ கேர்ணி வகுப்பில் சுனாமி பற்றிக் கற்பித்திருந்தார். சுனாமிக்கு முன் கடல் எவ்வாறு தோன்றும் என்பதையும் அவர் விளக்கியிருந்தார். அந்தப் பாடம் அவளுக்கு அந்த இடத்தில் நினைவுக்கு வந்தது. அவள் தாயிடம் கத்திச் சொன்னாள். தந்தை விடுதிக் காவலாளியிடம் சொன்னார். கடற்கரையிலிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். சுமார் நூறு பேர் இருந்த அந்தக் கரையில் எவரும் மாளவில்லை.

அந்த ஆசிரியர் தம் மாணவர்கள் என்றோ ஒருநாள் சுனாமியைச் சந்திப்பார்கள் என்று எண்ணியிருக்கமாட்டார். இங்கிலாந்தில் சுனாமி வருவதும் மிக அரிது. ஆயினும் கடல் எப்படி நடந்துகொள்ளும், ஏன் அப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பிள்ளைகளின் மனக்கண்ணில் நிற்கும்படி அவர் கற்பித்திருந்தார். "சுனாமி என்றால் என்ன?" என்ற வினாவுக்கு இரண்டு வரி வரைவிலக்கணத்தை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தச் சிறுமி அதைப் பரீட்சையில் எழுதியிருப்பாள், கடலில் கண்டிருக்கமாட்டாள்.

எமது கரையில்

அதே நாள் இலங்கை நேரப்படி காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. பேரலைகள் எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தன. அந்த இரண்டு மணித்தியாலங்களில் எமக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை நாம் இழந்தோம்.

எச்சரிக்கை முறை இல்லாதிருந்தது ஒரு காரணம். அறியாமை மற்றொரு காரணம். முதலில் வந்த அலை திரும்பியதும் கடல் வெகுதூரம் உள்வாங்கிய இடங்களில், கடலின் அடித்தளத்தைப் பார்க்கவும் துள்ளிய மீன்களைப் பொறுக்கவும் மக்கள் கடலை நோக்கிச் சென்றனர். பெரலியவில் முதல் அலையால் நின்றுபோன ரயிலைப் பாதுகாப்பான இடமென்று நம்பி ஊர் மக்களும் அதில் ஏறினர். அடுத்து வந்த பெரிய அலை ரயிலையே புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். சுனாமி என்பது ஓர் அலையல்ல, இடைவெளி விட்டு வரும் பல அலைகளின் தொடர் என்பதும், முதல் அலை பெரியதாக இருக்கவேண்டியதில்லை என்பதும், எல்லாக் கரையிலும் கடல் முதலில் உள்வாங்குவதில்லை என்பதும் அன்று எம்மவரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?

இதை எமது வாசகியர் இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். அந்தப் பேரழிவில் ஆண்களைவிடப் பெண்களும் சிறு பிள்ளைகளுமே அதிகமாக மாண்டனர். பெண்களுள் பலருக்கு நீந்தத் தெரியாது, மரமேறிப் பழக்கமில்லை, கையில் குழந்தை, காலைத் தடுக்கும் உடை. வீட்டுக்குள்ளிருந்த பலருக்குக் கடலில் நடப்பது கடைசி நேரம் வரை தெரியவே இல்லை.

இதற்கு மாறான ஓர் உதாரணம் இந்தோனேசியாவின் சிமெலு தீவு. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலுள்ள அந்தத் தீவை அலைகள் சில நிமிடங்களிலேயே அடைந்தன. ஆனால் ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மாத்திரமே. 1907இல் அத்தீவைத் தாக்கிய பேரலையின் கதையைப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருந்தனர். "ஸ்மொங்" என்பது அப்பேரலைக்கு அவர்கள் வைத்த பெயர். நிலம் பலமாக அதிர்ந்தால் மலைக்கு ஓடு என்பது அந்தக் கதையின் கருத்து. அன்று நிலம் அதிர்ந்ததும் அம்மக்கள் எவரையும் எதிர்பார்க்காமல் மேட்டுக்கு ஏறினர். வீட்டுத் திண்ணையில் சொல்லப்பட்ட புவியியல் ஒரு தீவையே காப்பாற்றியது.

பிள்ளைகள் வரைந்த தேசப்படம்

கற்பித்தல் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஜப்பானின் கமாயிஷி நகரம் மிகத் தெளிவான சான்று. கடலோர நகரமான அங்கே, 2009இல் கட்டி முடிக்கப்பட்ட மிக ஆழமான அலைதடுப்புச் சுவர் இருந்தது. சுவர் இருக்கிறதே என்று மக்கள் நம்பியிருந்த வேளையில், பேராசிரியர் கத்தாதா தொஷித்தகா அந்நகரப் பாடசாலை ஆசிரியர்களுடன் சேர்ந்து பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பயிற்றுவித்தார். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாடசாலை வரை நடந்து, எங்கே பள்ளம், எங்கே மேடு, எந்த இடத்தில் நின்றால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பவற்றைத் தாமே தேசப்படமாக வரைந்தனர். அச்சிட்ட ஆபத்து வலயப் படத்தைக்கூட அப்படியே நம்பிவிடாதீர்கள், நிலைமையை நீங்களே பார்த்து முடிவெடுங்கள் என்றும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

2011 மார்ச் 11ஆம் திகதி பிற்பகல் 2.46 மணிக்குப் பூமி அதிர்ந்தது. உனொசுமாய் என்ற பகுதியில் கனிஷ்ட இடைநிலைப் பாடசாலை மாணவர்கள் உடனே மேட்டை நோக்கி ஓடினர். அதைக் கண்டு அருகிலிருந்த ஆரம்பப் பாடசாலைச் சிறுவர்களும் பின்தொடர்ந்தனர். முதலில் ஒதுங்கிய இடம் பாதுகாப்பற்றது என்று கண்டு இன்னும் மேலே ஏறினர். மூத்தவர்கள் சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினர். அலை சுவரை மீறி வந்து நகரை விழுங்கியது. அந்நகரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். ஆனால் சுமார் 3,000 பாடசாலைப் பிள்ளைகளுள் ஒரு சிலரைத் தவிர அனைவரும் உயிர் தப்பினர்.

மலையகத்து மண்

கடலோரத்துக்கு மட்டும் உரிய கதை என்று இதை எண்ணிவிடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலைச்சரிவு இடிந்து லயன் வீடுகளை மூடியது. காலையில் பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் நாட்டில் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பேரிழப்பைச் சந்தித்தன.

மண்சரிவுக்கு முன் நிலம் பல இடங்களில் அடையாளம் காட்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கும், அல்லது வற்றிவிடும்; இதுவரை இல்லாத இடத்தில் புதிய ஊற்றுப் பிறக்கும். கதவும் ஜன்னலும் திடீரென இறுகிக்கொள்ளும். மழையின் அளவும் முக்கியமானது. 24 மணித்தியாலங்களில் 75 மில்லி மீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும், 100 மில்லி மீற்றரானால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 மில்லி மீற்றரைத் தாண்டினால் சரிவிலிருந்து அகன்றுவிட வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகோல். இந்த மூன்று எண்களும் மலையகத்தில் வாழும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மகாவலியின் நீளத்தை விட அவசியமானவை.

ஆனால் இங்கே ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆபத்து என்று தெரிந்தாலும், போவதற்கு வேறு நிலமோ வீடோ இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? சரிவான நிலத்தில் குடியிருப்பது ஏன் சிலரது விதியாகிறது? நிலம் யாருடைய கையில் இருக்கிறது? இக்கேள்விகளுக்குப் புவியியல் மட்டும் விடை தராது. வரலாறும் குடியியற் கல்வியும் அதனோடு சேரவேண்டிய இடம் இதுதான். சமூகக் கல்வி என்று ஒரு காலத்தில் இவற்றை ஒன்றாகக் கற்பித்ததன் பொருளும் இதுதான்.

வகுப்பறையில் ஏன் இப்படி?

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின்போது வரலாறு, புவியியல், குடியியல் ஆகியன இணைக்கப்பட்டுச் சமூகக் கல்வி என்ற ஒரே பாடமாக எமது பாடசாலைகளுக்கு வந்தது. பின்னர் 2000ஆம் ஆண்டுகளில் அது மீண்டும் வெவ்வேறு பாடங்களாகப் பிரிந்தது. ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் பிள்ளையைத் தோட்டத்துக்கும் வீதிக்கும் அழைத்துச் செல்கிறது. ஆனால் தரம் ஐந்தின் புலமைப் பரிசில் பரீட்சை நெருங்கியதும் அந்தச் செயற்பாடுகளும் பயிற்சித் தாள்களாக மாறிவிடுகின்றன. இடைநிலை வகுப்புகளில் ஆசிரியர் குறிப்புச் சொல்ல மாணவர் எழுதுகின்றனர். இலங்கைத் தேசப்படத்தில் இடங்களைக் குறிப்பது மட்டும் பிள்ளைகள் கையால் செய்யும் ஒரே வேலையாக எஞ்சுகிறது. சாதாரண தரத்தில் புவியியல் தெரிவுப் பாடமாக இருப்பதால், "வர்த்தகம் எடுத்தால் தொழில் கிடைக்கும், புவியியல் எதற்கு?" என்று பெற்றாரே அதை விலக்கிவிடுகின்றனர்.

ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவதும் நியாயமல்ல. நிரம்பிய வகுப்பறை, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், வெளியே அழைத்துச் செல்ல அனுமதியும் பணமும் இல்லாத நிலை ஆகியவற்றுக்கு மத்தியில்தான் அவர்கள் கற்பிக்கின்றனர். ஆயினும் வெளிக்களப் பயணம் என்றதும் பஸ் ஒழுங்குசெய்து தொலைதூரம் செல்வது என்று எண்ண வேண்டியதில்லை. பாடசாலை மைதானத்தில் மழைக்குப் பின் ஓடும் சிற்றோடையில் மண்ணரிப்பும் உண்டு, படிவும் உண்டு, கழிமுகமும் உண்டு. ஒரு பாடவேளை போதும்.

வீட்டில் செய்யக்கூடியவை

பாடசாலை மாறும்வரை தாய்மார் காத்திருக்க வேண்டியதில்லை. செலவின்றிச் செய்யக்கூடிய சில முயற்சிகளை இங்கே தருகிறோம்.

மழைமானி: இரண்டு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாக அதே போத்தலுக்குள் புனல்போல் வையுங்கள். போத்தல் கவிழாதிருக்க அடியில் சிறு கற்களைப் போட்டு, பக்கங்கள் நேராகத் தொடங்கும் மட்டம் வரை நீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று குறியுங்கள். அதிலிருந்து மேலே அடிமட்டத்தால் மில்லி மீற்றர் அளவுகளைக் குறித்து, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30க்குப் பிள்ளை அளவைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, நீரை மீண்டும் பூச்சிய மட்டத்துக்குக் கொண்டுவரட்டும். ஓராண்டில் 2,500 மில்லி மீற்றருக்கு மேல் மழை பெறுவது ஈரவலயம், 1,750க்குக் குறைந்தது உலர்வலயம் என்று பாடப்புத்தகம் சொல்வதைத் தன் கொப்பியிலேயே அப்பிள்ளை சரிபார்க்கலாம்.

நிழல்: முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, நண்பகலில் அதன் நிழல் விழும் பக்கத்தை மாதத்துக்கு ஒருமுறை குறிக்கச் சொல்லுங்கள். டிசம்பரில் நிழல் வடக்கே விழும். ஜூனில் தெற்கே விழும். ஏன் என்று பிள்ளை தானே கேட்கும். அயனமண்டலத்தைப் பற்றிய பாடம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.

பாதைப் படம்: வீட்டிலிருந்து பாடசாலைக்குச் செல்லும் வழியைப் பிள்ளையே காலடி எண்ணி அளந்து வரையட்டும். வாய்க்கால், கிணறு, பாலம், மேடு, உறுதியான மாடிக் கட்டடம் ஆகியவற்றைக் குறிக்கட்டும். பின்பு வீட்டார் எல்லோரும் அமர்ந்து, வெள்ளம் வந்தால் எங்கே சந்திப்பது, பாட்டியை யார் அழைத்துச் செல்வது என்று பேசுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117ஐயும் அதில் எழுதி வையுங்கள்.

காற்று: வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று எமது முன்னோர் காற்றுக்கு இட்ட பெயர்கள் திசையையும் பருவத்தையும் சொல்பவை. வீட்டிலுள்ள முதியவர்களோ கடற்றொழிலாளர்களோ வயல் செய்பவர்களோ இவற்றைப் பிள்ளைக்குச் சொல்லட்டும். வடகீழ்ப் பருவக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்று என்ற பாடம் அப்போது தானாகவே விளங்கும்.

சமையலறை: இன்றைய சோற்றிலுள்ள அரிசி பொலன்னறுவையினதா, அம்பாறையினதா? உருளைக்கிழங்கு வெலிமடையினதா? பருப்பு கனடாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ ஏன் வருகிறது? கப்பல் வராவிட்டால் என்ன ஆகும்? மரக்கறி அரியும்போது கேட்கக்கூடிய கேள்விகள் இவை. வர்த்தகம், காலநிலை, உழைப்பு ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்கும்.

பிரதேச சபை: வீதியிலுள்ள குப்பையை அகற்றுவது யார் பொறுப்பு, வடிகானை மூடி மதில் கட்டினால் வெள்ளம் யார் வீட்டுக்குள் புகும், கிராம அலுவலர் என்ன செய்கிறார் என்பவற்றைப் பேசுங்கள். அடைபட்ட வடிகான் பற்றிப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதப் பிள்ளைக்கு உதவுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் குடியியற் கல்வியில் அது ஒரு நல்ல பாடம்.

பெண் பிள்ளைகளை மறக்க வேண்டாம்

ஊரின் ஒழுங்கைகளும் ஆற்றங்கரையும் குளக்கட்டும் ஆண் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிடுகின்றன. பெண் பிள்ளை வளர வளர, வீடு, பாடசாலை, வகுப்பு என்ற மூன்று இடங்களுக்குள் அவளது தேசப்படம் சுருங்கிப்போகிறது. வெளிக்களப் பயணம் வந்தால், "பெண் பிள்ளை எதற்கு?" என்று அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிட மறுக்கும் பெற்றார் இன்றும் உள்ளனர். நாளை வெள்ளம் வரும்போது கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் வீட்டில் நிற்கப்போவது பெரும்பாலும் அவள்தான். வழி தெரிய வேண்டியவளும் அவள்தான். ஆகவே பாதைப் படத்தை முதலில் மகளிடம் கொடுங்கள். பாதுகாப்பான இடத்தில், நம்பிக்கையானவர்களின் துணையோடு அவளுக்கு நீச்சலும் கற்பியுங்கள். தந்தையோ சகோதரனோ உடன்வர அவளை மேட்டுக்கும் கரைக்கும் அழைத்துச் சென்று காட்டுங்கள்.

சகோதரிகளே! பரீட்சையில் பெற்ற ஏ சித்தி ஒரு நாள் மகிழ்ச்சியைத் தரும். பெட்டகத்தில் சான்றிதழாக இருக்கும். நிலத்தையும் நீரையும் பார்த்து அறியும் பழக்கமோ பிள்ளையோடு வாழ்நாள் முழுவதும் கூட வரும். அடுத்த மழைக்கு முன் அந்த மழைமானியைச் செய்து முற்றத்தில் வைத்துவிடுங்கள்.